ஒரு டம்ளர் டீக்கு எந்தத் தண்ணீர் நல்லது? 1,200 ஆண்டுக்கு முன்பே தரம் பிரித்த அநாதைச் சிறுவன்... யார் இந்த லூ யூ?

காலை 11 மணி. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் டீ டைம். கட்டிங் மாஸ்டர், டெய்லர், செக்கிங் பெண்கள் என எல்லோரும் பத்து நிமிஷம் கையை நிறுத்துகிறார்கள். சிலர் வாசலில் இருக்கும் கடைக்குப் போகிறார்கள். சில கம்பெனிகளில் ஒரு பையன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

இந்த ஊரில் டீக்கடையை எடை போடும் விதமே தனி. எந்தக் கம்பெனி டீத்தூள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கடையில் நல்ல தண்ணியில் போடுகிறார்களா, போர் தண்ணியில் போடுகிறார்களா என்பதுதான் பேச்சு. உப்புத் தண்ணியில் போட்ட டீயை ஒரு வாய் குடித்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

டீயின் ருசி பாதி தண்ணீரில் இருக்கிறது. இதை அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தவர் ஒரு சீனர். பெயர் லூ யூ. அவர் புகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஓர் ஊற்றைப் பார்க்க இன்றும் வூஷி என்ற ஊருக்கு மக்கள் போகிறார்கள். அந்த ஊருக்கும் திருப்பூருக்கும் ஒரு பெரிய ஒற்றுமை இருக்கிறது. அதற்கு முன், யார் இந்த லூ யூ?

ஏரிக்கரையில் கிடைத்த குழந்தை

கி.பி. 733. சீனாவில் தாங் வம்சத்தின் ஆட்சி. இன்றைய ஹூபெய் மாகாணத்தில் இருக்கும் தியான்மென் ஊருக்கு அப்போது ஜிங்லிங் என்று பெயர். லூ யூ பிறந்தது அந்த ஆண்டில் என்கிறார்கள். அப்பா யார், அம்மா யார் என்பது கடைசி வரை அவருக்கே தெரியாது.

ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தையை ஜீஜி என்ற புத்தத் துறவி எடுத்துப்போய் மடத்தில் வளர்த்தார். பெயர் வைக்கவும் ஆள் இல்லை. சீனர்களின் பழைய குறி நூலைப் பார்த்துத்தான் பெயர் கிடைத்தது என்று சொல்வார்கள். தரைக்கு வந்து சேரும் காட்டு வாத்தையும், அதன் இறகையும் பற்றிய ஒரு குறிப்பு அதில் வந்தது. அதில் தரைக்கான சொல் லூ, இறகுக்கான சொல் யூ. அதுவே அவர் பெயர் ஆனது.

அந்த மடத்தில்தான் அவர் டீ போடக் கற்றுக்கொண்டார். நீண்ட தியானத்தில் தூக்கம் வராமல் இருக்கத் துறவிகளுக்கு டீ தேவைப்பட்டது. ஜீஜிக்கு டீ என்றால் உயிர். அவருக்கு டீ தயாரித்துக் கொடுப்பது சிறுவன் லூ யூவின் வேலை.

மாட்டு முதுகில் எழுத்துப் பயிற்சி

வளர்த்தவருக்கும் வளர்ந்தவனுக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. பையன் துறவி ஆகவேண்டும் என்று ஜீஜி ஆசைப்பட்டார். பையனுக்கோ கன்பூசியஸ் வழி நூல்களைப் படிக்கவேண்டும் என்று ஆசை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

விளைவு, தண்டனை. மடத்தைக் கூட்டுவது, கக்கூஸ் கழுவுவது, சுவருக்கு மண் மிதிப்பது, மாடு மேய்ப்பது. 30 மாடுகளைக் கவனிக்கும் பொறுப்பு அந்தச் சின்னப் பையன் தலையில் விழுந்தது. எழுதப் பழகக் காகிதம் கிடையாது. மூங்கில் குச்சியை எடுத்து மாட்டின் முதுகில் எழுத்து போட்டுப் பார்த்தான். இதையெல்லாம் பின்னாளில் அவரே தன் சுயசரிதையில் எழுதி வைத்தார். அதை எழுதும்போது அவருக்கு வயது 30கூட ஆகவில்லை.

கோமாளி வேஷம் கட்டிய பையன்

12 வயது வாக்கில் லூ யூ மடத்தை விட்டு ஓடிவிட்டார். சேர்ந்தது ஒரு நாடகக் கூட்டத்தில்.

அவருக்குத் திக்குவாய். முகமும் அழகில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் மேடையில் அதுவே அவருக்குக் கை கொடுத்தது. கோமாளி வேஷம் கட்டினார், பொம்மலாட்டம் ஆடினார், சிரிப்புக் காட்சிகளையும் எழுதினார்.

746-ல் லீ சீவூ என்ற அதிகாரி ஜிங்லிங்குக்கு ஆளுநராக வந்தார். பதவி இறக்கப்பட்டு இந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர் அவர். ஒரு விழாவில் இந்தப் பையனைப் பார்த்ததும், இவனிடம் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. புத்தகங்கள் கொடுத்து, மலையடிவாரத்தில் இருந்த ஓர் ஆசிரியரிடம் படிக்க அனுப்பிவைத்தார். யாரும் இல்லாத பையனுக்குக் கிடைத்த முதல் பெரிய உதவி இதுதான்.

சில ஆண்டுகள் கழித்து, 752-ல், சுய் குவோஃபூ என்ற கவிஞர் அந்த ஊருக்கு அதிகாரியாக வந்தார். அவரும் பதவி இறக்கப்பட்டவர். இரண்டு பேரும் மூன்று ஆண்டுகள் நண்பர்களாகச் சுற்றினார்கள். கவிதை, டீ, தண்ணீர் என்று பேச்சு போனது. பிரியும்போது ஒரு வெள்ளைக் கழுதையையும் ஒரு கறுப்பு மாட்டையும் லூ யூவுக்குப் பரிசாகக் கொடுத்தார் சுய். ஊர் ஊராகத் திரியும் ஆளுக்கு அதைவிட நல்ல பரிசு ஏது?

போர் துரத்திய பயணம்

755-ல் சீனாவே தலைகீழானது. ஆன் லூஷான் என்ற தளபதி பேரரசருக்கு எதிராகக் கிளம்பினார். தலைநகரம் விழுந்தது. லட்சக்கணக்கான மக்கள் வடக்கிலிருந்து தெற்கே யாங்சி நதியைத் தாண்டி ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் லூ யூவும் ஒருவர்.

அகதியாகப் போன அவர் சும்மா இருக்கவில்லை. போகும் வழியில் எந்த மலையில் தேயிலை விளைகிறது, எப்படிப் பறிக்கிறார்கள், எப்படிக் காய வைக்கிறார்கள், அந்த ஊர்த் தண்ணீர் எப்படி என்று குறித்துக்கொண்டே போனார்.

760 வாக்கில் ஹூஜோ என்ற ஊரில் குடியேறினார். தாய்ஹு என்ற பிரம்மாண்ட ஏரியின் தென்கரையில் இருக்கும் ஊர் அது. ஜியாவோரான் என்ற கவிஞர்-துறவி அங்கே நெருங்கிய நண்பர் ஆனார். புகழ்பெற்ற கையெழுத்துக் கலைஞர் யான் ஜென்சிங் ஹூஜோவுக்கு ஆளுநராக வந்தபோது, ஒரு பெரிய அகராதியைத் தொகுக்கும் பணியில் லூ யூவையும் சேர்த்துக்கொண்டார். மாடு மேய்த்த பையன் இப்போது அறிஞர்கள் சபையில்.

டீக்கு ஒரு புத்தகம்

ஹூஜோவில்தான் ‘ச்சா ஜிங்’ என்ற நூலை லூ யூ எழுதினார். பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி, 780 வாக்கில் அது முழு வடிவம் பெற்றது. மொத்தம் 3 பகுதி, 10 அத்தியாயம், சுமார் 7,000 சீன எழுத்துகள். அவ்வளவுதான். ஆனால் டீக்காக மட்டுமே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் இதுதான் மிகப் பழையது.

செடி எங்கே வளரும், எப்போது பறிக்கலாம், என்னென்ன பாத்திரம் வேண்டும், அடுப்பில் எந்த விறகு வைக்கலாம் என்று எல்லாமே அதில் இருக்கிறது. கடைசி அத்தியாயம் சுவாரஸ்யமானது. இந்த நூல் முழுவதையும் வெள்ளைப் பட்டுத் துணியில் எழுதி, உட்காரும் இடத்தில் மாட்டி வைக்கச் சொல்கிறார். கம்பெனிச் சுவரில் சார்ட் மாட்டுவது போலத்தான்!

அந்தக் காலத்து டீ நம்ம டீ மாதிரி இல்லை. இலையை ஆவியில் வேகவைத்து, இடித்து, வில்லையாகத் தட்டிக் காய வைப்பார்கள். குடிக்கும்போது அதை வாட்டிப் பொடித்து, கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். பால் கிடையாது. சர்க்கரை கிடையாது. ஒரு சிட்டிகை உப்பு மட்டும் உண்டு.

இஞ்சி, வெங்காயத் தாள், ஆரஞ்சுத் தோல், புதினா எல்லாம் போட்டுக் கொதிக்க வைக்கும் பழக்கமும் அப்போது இருந்தது. லூ யூவுக்கு அது அறவே பிடிக்காது. அப்படிப் போட்ட டீயைச் சாக்கடைத் தண்ணிக்குச் சமம் என்று எழுதிவிட்டார். நம்ம ஊர் இஞ்சி டீ ரசிகர்கள் அவரிடம் மாட்டியிருந்தால் அவ்வளவுதான்.

எந்தத் தண்ணீர் முதல் தரம்?

இந்த நூலில் தண்ணீர் பற்றி வரும் பகுதி சில வரிகள்தான். ஆனால் 1,200 ஆண்டுகளாக அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை.

லூ யூ தண்ணீரை மூன்று தரமாகப் பிரித்தார். மலைத் தண்ணீர் முதல் தரம். ஆற்றுத் தண்ணீர் இரண்டாவது. கிணற்றுத் தண்ணீர் கடைசி.

அதோடு நிற்கவில்லை. மலைத் தண்ணீரிலும் பாறையில் கசிந்து மெதுவாக ஓடுவதுதான் நல்லது, பாய்ந்து விழுவதை எடுக்காதே என்றார். கிணறு என்றால் நிறையப் பேர் இறைக்கும் கிணறாகப் பார்த்து எடுக்கச் சொன்னார். இறைக்க இறைக்கத்தானே ஊறும்? நம்ம கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆற்றுத் தண்ணீருக்கு அவர் போட்ட நிபந்தனைதான் முக்கியம். மனிதர்கள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளிப் போய் எடு என்றார். சாயப்பட்டறை இல்லாத காலம் அது. ரசாயனத் தொழிற்சாலை இல்லாத காலம். அப்போதே, ஆற்றின் தரம் அதன் கரையில் இருக்கும் மனிதர்களால் மாறும் என்று கவனித்திருக்கிறார்.

கொதிக்க வைப்பதற்கும் கணக்கு உண்டு. மீன் கண் போலக் குமிழி வந்தால் முதல் கொதி, அப்போது உப்பு. ஓரத்தில் முத்துச்சரம் போல வந்தால் இரண்டாம் கொதி, அப்போது டீப்பொடி. அலை போலப் பொங்கினால் மூன்றாம் கொதி. அதற்கு மேல் விட்டால் தண்ணீர் கெட்டுப்போச்சு.

நடு ஆற்றுத் தண்ணீர் கதை

லூ யூவின் நாக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் இறந்து 20 ஆண்டு கழித்து எழுதப்பட்ட ஒரு நூலில் அது வருகிறது.

ஓர் அதிகாரி லூ யூவைச் சந்தித்தார். யாங்சி நதியின் நடுவில் நான்லிங் என்ற இடத்துத் தண்ணீர் டீக்குப் பிரமாதம் என்று பேர். ஒரு படைவீரரைப் படகில் அனுப்பி எடுத்துவரச் சொன்னார்கள். குடம் வந்தது. லூ யூ கரண்டியால் அள்ளிப் பார்த்துவிட்டு, இது நதித் தண்ணீர்தான், ஆனால் நடு ஆற்றுத் தண்ணீர் இல்லை, கரைத் தண்ணீர் என்றார். வீரர் ஒத்துக்கொள்ளவில்லை. பாதிக் குடத்தைக் கீழே ஊற்றிய பிறகு மறுபடி அள்ளிப் பார்த்தார் லூ யூ. இங்கிருந்துதான் நான்லிங் தண்ணீர் ஆரம்பம் என்றார். வீரர் ஆடிப்போனார். கரைக்கு வரும்போது படகு ஆடிப் பாதி கொட்டிவிட்டது, மீதியைக் கரைத் தண்ணீரால் நிரப்பினேன் என்று ஒப்புக்கொண்டார்.

கலந்த தண்ணீர் அப்படித் தனித்தனியாக நிற்காது. ஆக, இது கதைதான். அதே நூலில், லூ யூ சொன்னதாக 20 தண்ணீர்களின் ரேங்க் பட்டியலும் இருக்கிறது. அதில் முதல் இடம் ஒரு மலையருவித் தண்ணீருக்கு. பாய்ந்து விழும் தண்ணீர் வேண்டாம் என்றவர் அருவிக்கு எப்படி முதல் இடம் கொடுப்பார் என்று பின்னால் வந்த அறிஞர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஆனால் மக்கள் அந்தப் பட்டியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் இடம் பெற்றது, வூஷி ஊரின் ஹுய்ஷான் ஊற்று.

வானத்தின் கீழ் இரண்டாவது ஊற்று

வூஷி, தாய்ஹு ஏரியின் வடகரையில் இருக்கிறது. லூ யூ குடியிருந்த ஹூஜோவுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஹுய்ஷான் மலையடிவாரக் கோயிலுக்கு வந்த லூ யூ, அதைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதினார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 766-க்கும் 779-க்கும் இடையில், ஊற்றுக்குக் குளம் வெட்டிக் கட்டினார்கள்.

பேர் பரவியதும் என்ன ஆச்சு? தாங் அரசின் பிரதம அமைச்சர் லீ தெயூவுக்கு இந்தத் தண்ணீரில் போட்ட டீதான் வேண்டும். வூஷியிலிருந்து தலைநகர் சாங்கான் 1,000 கிலோமீட்டருக்கும் மேலே. அரசாங்கத் தபால் போல, ஆள் மாற்றி ஆள் தண்ணீர்க் குடம் ஓடியது. ஒரு மனிதரின் டீக்காக எத்தனை பேரின் உழைப்பு! தலைநகரிலேயே இதே ருசியுள்ள ஒரு கிணறு இருப்பதாக ஒரு துறவி காட்டிக்கொடுத்த பிறகுதான் அமைச்சர் இதை நிறுத்தினார் என்று ஒரு கதை சொல்கிறது.

பிறகு வந்த சோங் காலத்தில் பேரரசருக்கே இந்தத் தண்ணீர் காணிக்கையாகப் போனது. கவிஞர் சு தோங்போ தேடி வந்து டீ போட்டுக் குடித்தார். ‘வானத்தின் கீழ் இரண்டாவது ஊற்று’ என்று ஜாவ் மெங்ஃபூ எழுதிய எழுத்துகள் கல்லில் இருக்கின்றன. 20-ம் நூற்றாண்டில் வூஷியின் பார்வையற்ற இசைக்கலைஞர் ஆபிங் வாசித்த புகழ்பெற்ற எர்ஹு இசைக்கும் இந்த ஊற்றின் பெயர்தான்.

கொங்கு மக்களுக்கு இது புதிதாக இருக்காது. சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்று கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்காதவர் உண்டா? யார் ரேங்க் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. நம்ம ஊர்த் தண்ணீர் என்ற பாசம்தான் அங்கே பேசுகிறது.

டீ வியாபாரிகளின் சாமி

அரசவையிலிருந்து லூ யூவுக்குப் பதவிகள் வந்தன. அவர் போய்ச் சேரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. 804-ல் ஹூஜோவில் இறந்தார்.

அதற்குள் அவர் டீ வியாபாரிகளின் சாமி ஆகிவிட்டார். குயவர்கள் அவர் உருவத்தில் பீங்கான் பொம்மை செய்தார்கள். சில டஜன் டீப் பாத்திரம் வாங்கினால் ஒரு லூ யூ பொம்மை இலவசம். ஆஃபர் என்பது இன்றைக்கு வந்தது இல்லை! வியாபாரம் நன்றாக நடந்தால் பொம்மைக்கு மரியாதை. டல் அடித்தால் அதன் தலையில் ஊற்றிவிடுவார்கள்.

அவர் வாழ்க்கையில் மனதைத் தொடும் இடம் வேறு. வளர்த்த துறவி ஜீஜி இறந்த செய்தி அவருக்கு வெகு தூரத்தில் கிடைத்தது. சண்டை போட்டு ஓடிவந்த அதே பையன் அழுதார். அப்போது ஒரு சிறு பாட்டு எழுதினார். பொன்னும் பதவியும் தனக்கு ஆசை இல்லை என்று சொல்லிவிட்டு, ஜிங்லிங்கை நோக்கி ஓடும் ஆற்றுத் தண்ணீருக்காக மட்டும் ஏங்கியிருக்கிறார். நாடெங்கும் தண்ணீரை ருசி பார்த்தவருக்குக் கடைசியில் நினைவில் நின்றது சொந்த ஊர் ஆறு.

வூஷிக்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம்?

வூஷியும் துணி ஊர்தான். 1895-லேயே அங்கே பஞ்சாலை வந்துவிட்டது. சீனாவின் பெரிய மில் முதலாளிகளான ரோங் சகோதரர்களின் சொந்த ஊர் அது. பிறகு எல்லா வகைத் தொழிற்சாலைகளும் பெருகின.

2007 மே கடைசி. வூஷியில் குழாயைத் திறந்தால் நாற்றம். தாய்ஹு ஏரியில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. ஆலைக் கழிவு, சாக்கடை, வயல்களிலிருந்து வந்த உரம் எல்லாம் ஏரியில் சேர்ந்ததன் விளைவு. சுமார் 20 லட்சம் பேருக்குக் குடிநீர் இல்லை. கடைகளில் பாட்டில் தண்ணீர் காலி. இரண்டாவது சிறந்த ஊற்று இருக்கும் ஊரில் டீ போடத் தண்ணீர் இல்லை!

திருப்பூர் மக்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். நொய்யல் பிறப்பது வெள்ளியங்கிரி மலையில். லூ யூ கணக்கில் முதல் தரம். ஊருக்குள் வரும்போது நிறம் மாறியது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு வேண்டும். அந்த உப்பும் சாயமும் ஆற்றில் இறங்கி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. நொய்யல் பாசன விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பலருக்கு வேலை போனது.

அதன் பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற முறை கட்டாயம் ஆனது. கழிவுநீரை வடிகட்டி, மீதியைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்பப் பட்டறைக்கே எடுக்கிறார்கள். செலவு அதிகம். ஆனால் வேறு வழி இல்லை.

ஊற்றை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். ஷாங்காயிலிருந்து வூஷிக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹுய்ஷான் ஊற்று, ஷிஹுய் பூங்காவுக்குள் இருக்கிறது. மேல் குளம் எண்கோணம், நடுக் குளம் சதுரம், அதற்குக் கீழே இன்னொரு குளம். லூ யூ பிறந்த தியான்மென் ஊரிலும் அவர் நினைவாக மூன்று வாய் வைத்த ஒரு பழைய கிணறு இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1835-ல் நீலகிரியின் கேத்தியில் சோதனைக்காக விதைத்தது சீனத் தேயிலை விதைதான். அந்த மலையின் தூள்தான் இன்று திருப்பூர் டீக்கடைகளுக்கும் வருகிறது.

தூள் மலையிலிருந்து வந்துவிட்டது. நொய்யலும் மலையிலிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் டீக்கு நல்ல தண்ணி வேண்டுமென்றால் திருப்பூர் இன்னும் காவிரிக் குழாயையும் கேன் தண்ணியையும்தான் பார்க்கிறது. ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றில் ஒரு குடம் மொண்டு டீ போடும் நாள் வருமா?